பாட்டு நின்ற ஐந்தரை நொடி

18 நவம்பர் 2024, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். பிரித்து, வாஷர் மாற்றி, ஓடவிட்டேன். கை முழுக்கக் கிரீஸ். அந்த நேரம் பார்த்து ரோஸலின் வந்து, "யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. உங்க பாட்டைப் பத்திப் பேசணுமாம்" என்றாள்.

"எனக்கு எந்தப் பாட்டும் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அப்ப நாளைக்கே வர்றேன்னுச்சு."

என் மனைவியிடம் ஒரு ஆளைத் தட்டிக்கழிக்கச் சொன்னால் இலை போட்டு அழைத்துவிடுவாள்.

19 நவம்பர், செவ்வாய்

வந்துவிட்டாள். பெயர் ஹாஜிரா. இருபத்தாறு வயது இருக்கும். உறையூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். பழைய பாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று தோண்டித் துருவி, போனில் கேட்கிற மாதிரி நிகழ்ச்சி செய்கிறாளாம். டிசம்பர் 14 சனிக்கிழமை சாயங்காலம் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஒர்க் ஷாப் பழைய ஆட்கள் கூடுகிறார்கள். அங்கே 'இரும்பு தூங்காது' பாட்டை அதை உண்டாக்கியவர்களே வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதுவரை நடப்பதையெல்லாம் இவள் பதிவு செய்துகொள்வாளாம்.

பின்னால் யாராவது இந்த டைரியைப் படித்தால் முழிக்கக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன். என் பெயர் ஞானப்பிரகாசம். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் பாய்லர் ஷாப் ஃபிட்டராக இருந்து 2016-ல் ஓய்வு பெற்றவன். 1978-ல் நாங்கள் மூன்று பேர் 'பாய்லர் பாய்ஸ்' என்று ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். நான் டிரம்ஸ். மெஷின் ஷாப் டிரெவர், ஆங்கிலோ இந்தியன், பேஸ் கிட்டார். மூன்றாவது ஆள் டைம் ஆபீஸ் கிளார்க். கிட்டாரும் பாட்டும் அவன். பெயர் இங்கே தேவையில்லை.

எங்களுடைய ஒரே இசைத்தட்டு அந்தப் பாட்டுதான். பாய்லர் தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கும்போது இரண்டு பேர் மாறி மாறிச் சுத்தியல் போடுவோம். டம்டம்-டக், டம்டம்-டக். அதைத்தான் நான் டிரம்ஸில் வாசித்தேன். அதன்மேல் டைம் ஆபீஸ்காரன் கிட்டாரை அலறவிட்டான். தமிழில் அந்த மாதிரிக் காட்டுக்கத்தல் அதற்குமுன் பொன்மலையில் யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் ஒத்திகைக்குப் பங்குச் சாமியாரே ஓடி வந்து, யாருக்கோ அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

ஆனால் ஹாஜிரா இதையெல்லாம் கேட்க வரவில்லை. எல்லோரும் கேட்கிற அதையேதான் அவளும் கேட்டாள்.

"சார், நடுவுல ஐந்தரை நொடி எல்லாம் நின்னுடுது. குரல் மட்டும் 'நான் நின்னா ரயிலு நிக்கும்'னு தனியாப் போகுது. வரி முடியிற இடத்துல ஒரு 'ணங்'. அப்புறம் மூணும் சேர்ந்து விழுது. அந்த ணங் எதுல அடிச்சது சார்?"

"ஞாபகம் இல்லைம்மா."

"உங்க ஒர்க் ஷாப் ஆளுங்களைக் கேட்டா 'ஞானத்தையே கேளு'ன்னு சிரிக்கிறாங்க. சர்ச் மணின்னு சிலர் சொல்றாங்க. ஸ்டேஷன்ல தொங்குற தண்டவாளத் துண்டுன்னு சிலர். ஒரு பேராசிரியர், உழைப்பாளி வேலையை நிறுத்தினா உலகத்துல என்ன மிஞ்சும்கிறதைத்தான் அந்த மௌனம் சொல்லுதுன்னு பதினாலு பக்கம் எழுதியிருக்கார். பின்னாடி லேசா ஒரு ஹம்மிங் கேக்குதே, அது தம்புராவாம்."

தம்புரா! எனக்குப் புரையேறிவிட்டது. ரோஸலின் தலையில் தட்டினாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன்.

இரவு முட்டைக் குழம்பு. பாதி முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கொலஸ்ட்ரால். "கல்யாணம் ஆன அன்னிலேருந்தேவா உங்களுக்குக் கொலஸ்ட்ரால்?" என்றாள் ரோஸலின்.

24 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து சந்தைக்குப் போனேன். கருவாட்டுக் கடைக்காரன் போன் அடித்தது. டம்டம்-டக், டம்டம்-டக். அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் எதிரில் நின்றுகொண்டு என் கையையே ரிங்டோனாக வைத்திருக்கிறான், நெத்திலிக்குப் பத்து ரூபாய்கூடக் குறைக்கமாட்டேன் என்கிறான். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பாட்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஏன் என்று எழுதிவிடுகிறேன். 1980 பிப்ரவரியில் அந்தப் பாட்டை மூன்று தடவை, அதாவது மூன்று டேக், பதிவு செய்தோம். முதல் டேக்கில் நான் ஒரு தப்பு செய்தேன். மற்ற இரண்டும் பிசிறில்லாமல் வந்தன. முதலாவதை அழித்துவிடச் சொன்னேன். சரிடா என்று டைம் ஆபீஸ்காரன் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். மூன்று மாதம் கழித்து இசைத்தட்டு வந்தது. ஊசியை வைத்துக் கேட்டால், முதல் டேக்!

அத்தோடு விட்டானா? நான் என்ன தப்பு செய்தேன் என்பதும் ஒர்க் ஷாப் முழுக்கப் பரவிவிட்டது. எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஓய்வு பெறும் நாளில் போட்ட மாலையோடுகூட அந்தப் பெயர் வந்தது. என்ன பெயர் என்று இங்கே எழுதப்போவதில்லை.

டிரம்ஸை விற்றேன். அவன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிப் போனான். நாற்பத்து நான்கு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். வாசிக்கப் போகிறேன். ஆனால் அந்த இடத்தில் நிற்கமாட்டேன். அடி பிசகாமல் நேராக வாசித்துக்கொண்டு போய்விடுவேன். முன்னூறு பேர் கேட்கட்டும். ஞானப்பிரகாசத்தால் இந்தப் பாட்டை நிற்காமல் வாசிக்க முடியும் என்று சாவதற்குள் ஒரு தடவை காட்டிவிட வேண்டும். இதை ஹாஜிராவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள்.

27 நவம்பர், புதன்

பயிற்சியெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. மாடியில் இருந்த பிளாஸ்டிக் டிரம் விரிசல் விட்டது உண்மை. அது பழைய டிரம்.

30 நவம்பர், சனி

ஹாஜிராவுக்குத் தெரிந்த பேண்ட் ஒன்று தில்லை நகரில் இருக்கிறது. விழாவில் கிட்டாரும் பேஸும் அவர்கள்தான். டைம் ஆபீஸ்காரனுக்கு விரல் மடங்கவில்லையாம், பாட மட்டும் செய்வானாம். ரொம்ப நல்லது.

அந்தப் பிள்ளைகள் பாட்டை வாசித்துக் காட்டினார்கள். ஐந்தரை நொடியைக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்கள். ணங் சத்தத்துக்காகக் கும்பகோணம் போய் ஒரு வெண்கல மணி வாங்கி, துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். "சார், மணி சரியா இருக்கா?" என்று பயபக்தியோடு கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "பரவால்ல, கொஞ்சம் கனமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ஹாஜிரா போனில் ஒரு வீடியோ காட்டினாள். கோயம்புத்தூரில் ஏதோ கல்லூரி விழா. ஆயிரம் பேர் குதிக்கிறார்கள். அந்த வரி வந்ததும் அத்தனை பேரும் இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டு அப்படியே நிற்கிறார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ணங், மறுபடியும் குதி. எந்த ஊரில் வாசித்தாலும் இப்படித்தான் செய்வார்களாம். யார் ஆரம்பித்த வழக்கம் என்று யாருக்கும் தெரியாதாம்.

என்னுடைய தப்புக்கு ஆயிரம் பேர் கையைத் தொங்கவிட்டு நிற்கிறார்கள். இரண்டு தடவை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் பார்த்தேன், ஒளி அமைப்பு எப்படி என்று தெரிந்துகொள்வதற்காக.

திரும்பும்போது அவள் சொன்னாள்: "கோதண்டபாணி சார்கிட்டயும் அந்த ணங் பத்தி நாலு தடவை கேட்டுட்டேன் சார். 'அது டிரம்மரோட விஷயம்மா. அவன் சொன்னா உண்டு, நான் சொல்லமாட்டேன்'னுட்டார். எண்பத்திரண்டுல ஒரு பத்திரிகைக்காரர் கேட்டப்பவும் இதையேதான் சொல்லியிருக்கார். அந்தப் பேட்டியை நான் பார்த்தேன்."

டைம் ஆபீஸ்காரனின் நாடகம். ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் பத்திரிகைக்காரனிடம் மட்டும் யோக்கியன் வேஷம்.

1 டிசம்பர், ஞாயிறு

எண்பத்திரண்டிலேயே ஏன் சொல்லாமல் இருந்தான்? சொல்லியிருந்தால் அவனுக்குத்தானே பெருமை. அரிசி புடைக்கும்போதெல்லாம் இதே யோசனை. கல்லையும் சேர்த்து அரிசியில் போட்டுவிட்டேன் என்று ரோஸலின் முறத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

3 டிசம்பர், செவ்வாய்

டிரெவர் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். ஹாஜிரா அவனையும் பிடித்துவிட்டாள்! அவன் எனக்கென்று பேசி அனுப்பிய ஒலிச்செய்தியை வந்து போட்டுக் காட்டினாள். எழுபத்திரண்டு வயதிலும் அதே குரல், அதே தமிழ்.

"டேய் ஞானம், எப்படி மேன் இருக்கே? ரோஸி எப்படி? கேளு மேன், நான் வரமுடியாது, முட்டி ரெண்டும் மாத்திட்டான். நீங்க ரெண்டு பேரும் நல்லா வாசிங்க. அப்புறம் ஒரு மேட்டர். இவ்ளோ வருஷம் சொல்லல, சாரி மேன். அன்னிக்கு நீ பண்ண கூத்தைக் கேன்டீன்ல சொன்னது நான்தான். ரெண்டு டீ உள்ள போச்சு, வாய் சும்மா இருக்கல. கோதண்டம் என்னை வந்து அடிச்சுட்டான் மேன்! உதடு கிழிஞ்சுது. அவன்கிட்ட யார் வந்து கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொன்னான். நீ அவன்மேல கோவமா இருந்தது எனக்குத் தெரியும். சொன்னா நீ என்கூடயும் பேசமாட்டேன்னு பயம். ஓக்கே மேன், காட் பிளஸ்."

ஹாஜிரா போனை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "டீ குடிக்கிறியாம்மா?" என்று கேட்டேன். அவள் டீயைக் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

டிரெவர் நாசமாகப் போக. இல்லை, வேண்டாம், முட்டி சரியாகட்டும்.

ஆனால் ஒன்று. பரப்பியது டிரெவர் என்றே இருக்கட்டும். முதல் டேக்கை அனுப்பியது யார்? தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தது யார்? அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது. நான் நிற்கப்போவதில்லை.

6 டிசம்பர், வெள்ளி

ரோஸலின் முதல் வெள்ளிப் பூசைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. எழுதிவிடுகிறேன், ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

பாட்டைப் பதிவு செய்த அன்று புதன்கிழமை. மெட்ராஸிலிருந்து ஒலிப்பதிவுக்காரர் டேப் மெஷினோடு வந்திருந்தார். அவருக்கு அந்த ஒரு நாள்தான் ஒழிந்தது. மூன்று பேரும் லீவு போட்டோம். இடம் இன்ஸ்டிட்யூட் ஹால், ஒர்க் ஷாப் மதிலுக்கு இந்தப் பக்கம். வெளிச்சத்தம் வரக்கூடாது என்று ஜன்னல்களை மூடி, ஊரில் இருந்த மெத்தை, போர்வை எல்லாவற்றையும் தொங்கவிட்டிருந்தார். உள்ளே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்தோம்.

முதல் டேக். எடுத்த எடுப்பிலேயே அப்படி ஒரு வாசிப்பு வந்தது. அதுமாதிரி நான் அதற்குமுன் வாசித்ததில்லை, பின்னாலும் இல்லை. டிரெவர் சிரித்துக்கொண்டே வாசித்தான். ஒலிப்பதிவுக்காரரே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாதியில் இருக்கும்போது மதியச் சங்கு ஊதியது.

ஒர்க் ஷாப்பில் சங்கு ஊதினால் எங்கள் கை என்ன செய்யும் என்பது வெளியாளுக்குப் புரியாது. சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கியிருந்தாலும் அடிக்கமாட்டான், இறக்கிவைப்பான். பதினேழு வயதில் அப்ரண்டிஸாகச் சேர்ந்ததிலிருந்து ஏழு வருடப் பழக்கம். யோசனைக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. போர்வைகளைத் தாண்டி அந்த 'ஊ' காதில் விழுந்ததோ இல்லையோ, நான் இரண்டு குச்சியையும் கீழே வைத்தேன். வைத்ததோடு நின்றேனா? டிபன் கேரியரை எடுத்து மடியில் வைத்து, கொக்கியைத் தட்டித் திறந்துவிட்டேன்! டிரெவரும் மெஷின் ஷாப்காரன்தானே, அவன் பேஸ் கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான்.

டைம் ஆபீஸ்காரனுக்கு மட்டும் கதை வேறு. சங்கு ஊதி எங்களுக்கு வேலை முடிந்தால் அவனுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். யார் நேரத்துக்கு வந்தான், யார் லேட் என்று சிவப்பு மையில் குறிப்பது அவன் உத்தியோகம். சங்கு அவனை நிறுத்தாது. கண்ணை மூடிக்கொண்டு 'நான் நின்னா' என்று ஆரம்பித்தான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை என்று உறைத்ததும் கிட்டார் கை நின்றது, வாய் மட்டும் வரியை முடித்தது. திரும்பி என்னைப் பார்த்தான். மடியில் கேரியரோடு நான். பதறிப்போய் மூடியைக் கீழே போட்டேன்.

ணங்.

அந்தச் சத்தத்தில் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் உணர்வு வந்து, ஒரு அடி விழுந்தது பாருங்கள், போர்வையிலிருந்து தூசி பறந்தது. மிச்சப் பாட்டையும் முடித்துவிட்டோம். முடித்ததும் டைம் ஆபீஸ்காரன் தரையில் விழுந்து புரண்டு சிரித்தான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. பிறகு சாப்பிட்டோம். கேரியரில் தக்காளிச் சோறு, அவித்த முட்டை ஒன்று. தினமும் ஒன்றுதான் வரும், எங்கள் வீட்டு வசதி அப்படி. அவன் வீட்டில் முட்டை என்ற பேச்சே ஆகாது. அதனால் கை துடைக்கும் பஞ்சு நூலிலிருந்து சுத்தமாக ஒரு இழை உருவி, அதை வைத்து முட்டையை அறுப்போம். இரண்டில் பெரிய பாதியை அவன்தான் எடுப்பான். ஏன்டா என்றால், டைம் ஆபீஸ் என்பான்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு டேக் எடுத்தோம். அப்புறம்தான் சத்தியம் எல்லாம்.

அந்தப் பட்டப்பெயரையும் எழுதிவிடுகிறேன். கேரியர் ஞானம்.

பேராசிரியரின் தம்புரா, மதியச் சங்கு. பிள்ளைகளின் வெண்கல மணி, எவர்சில்வர் மூடி. பதினாலு பக்கம் எழுதிய மனுஷனிடம் இதை எப்படிப் போய்ச் சொல்வது?

10 டிசம்பர், செவ்வாய்

வியாழக்கிழமை காலை பெங்களூர் ரயிலில் அவன் வருகிறானாம். ஸ்டேஷனுக்கு நான் போகப்போவதில்லை. முடி வெட்டிக்கொண்டேன், ரொம்ப நாளாக வெட்ட வேண்டியது.

12 டிசம்பர், வியாழன்

ஸ்டேஷனில் செய்தித்தாள் சீக்கிரம் கிடைக்கும் என்பதால் போயிருந்தேன். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ளே போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பெங்களூர் வண்டி வந்தது தற்செயல்.

தலை முழுக்க வெள்ளை. ஒல்லியாகிவிட்டான். ஹாஜிரா அவன் பையை வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தான். வாட்சைப் பார்த்தான்.

"நாப்பத்திநாலு வருஷம் லேட்டு" என்றான். "சிவப்பு மைதான்."

"வண்டிதான் லேட்டு" என்றேன்.

அவ்வளவுதான் பேசினோம். ஆட்டோவில் மூன்று பேரும் நசுங்கிக்கொண்டு வந்தோம். அவன் முழங்கை என் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்திலும் இப்படித்தான்.

மத்தியானம் தில்லை நகரில் ஒத்திகை. குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் சுருதி விலகவில்லை. அந்த வரி வந்தது. எல்லோரும் நின்றார்கள். நான் நிற்கவில்லை. டம்டம்-டக், டம்டம்-டக் என்று அடித்துக்கொண்டே போனேன். மணியைக் கையில் பிடித்திருந்த பிள்ளை பேயறைந்த மாதிரி நின்றான். ஹாஜிரா, "சார்... அந்த இடம்..." என்று இழுத்தாள். "இப்படித்தான் வாசிப்பேன்" என்றேன்.

டைம் ஆபீஸ்காரன் வெளியே வாடா என்று சைகை காட்டினான். படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"கேளுடா. நாப்பத்திநாலு வருஷமா வச்சிருக்கியே, கேட்டுரு."

கேட்டுவிட்டேன். "ஏன்டா அழிக்கல? என் தலையில கை வச்சியே!"

"மூணு டேக்கையும் மெட்ராஸ்ல உக்காந்து கேட்டேன்டா. ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டேன். மத்த ரெண்டும் சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா யாரோ வாசிச்ச மாதிரி இருந்துச்சு. முதல் டேக்லதான் நீ இருந்தே, டிரெவர் இருந்தான். நீ சாப்பாட்டுக்கு அவசரப்படுறது வரைக்கும் அதுல இருக்குடா. அழிக்கக் கை வரல."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விடமாட்டே. தட்டு வந்து நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா நீயே சிரிச்சுருவேன்னு நெனச்சேன். நீ டிரம்ஸை வித்துட்டே." செருப்பைக் கழற்றி மறுபடியும் மாட்டினான். "சத்தியத்தை மீறினது தப்புதான்டா. மன்னிச்சுரு."

நாற்பத்து நான்கு வருடமாக அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. "சனிக்கிழமையும் நான் நிக்கமாட்டேன்" என்றேன்.

"நிக்காதே. நீ எப்படி வாசிச்சாலும் நான் பாடுவேன். இந்தத் தடவை உன் இஷ்டம்" என்று சொல்லி எழுந்து போய்விட்டான்.

சண்டை போட்டிருந்தால் தேவலை.

13 டிசம்பர், வெள்ளி

மழை. மோட்டார் அறைக்குள் தண்ணீர். ரோஸலின் பரணில் ஏறி எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "உங்க வேலையைப் பாருங்க" என்றாள். தூக்கம் வரவில்லை. நிற்பதா, நிற்காமல் போவதா? நிற்கமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. சொன்ன பேச்சை மாற்ற எனக்குத் தெரியாது, அதுதான் என் வியாதி.

14 டிசம்பர், சனி

வந்து கை கால் கழுவிவிட்டு நேராக டைரியிடம்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹால் நிரம்பி வழிந்தது. முன்னால் பத்து வரிசை பழைய ஒர்க் ஷாப் ஆட்கள், வழுக்கையும் வெள்ளையுமாக. பின்னால் காலேஜ் பிள்ளைகள். நான் டிரம்ஸில் உட்கார்ந்தபோது "கேரியர் ஞானம்!" என்று யாரோ கத்தினார்கள். ஒரே சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டேன். காட்டுகிறேன் இருங்கடா.

ஆரம்பித்தோம். டம்டம்-டக். கைக்கு வயது மறந்துவிட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் குதித்தார்கள், முன்வரிசைக் கிழவர்கள் நாற்காலியைத் தட்டினார்கள். அவன் பாடினான். கரகரப்பு இருந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது. அந்த வரி நெருங்க நெருங்க நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நிற்கமாட்டேன், நிற்கமாட்டேன் என்றுதான் எண்ணினேன்.

நாலு அடி பாக்கி இருக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம். "ஊ..."

எங்கள் பழைய மேஸ்திரி மரியசூசை. வயது எண்பத்தாறு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க வாயாலேயே சங்கு ஊதினார். பக்கத்து நாற்காலிக்காரர் சேர்ந்துகொண்டார். அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. பாய்லர் ஷாப், மெஷின் ஷாப், வேகன் ஷாப், அத்தனை கிழவர்களும் எழுந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஊ...!"

என் கை குச்சிகளைக் கீழே வைத்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வைக்கவில்லை. கைதான் வைத்தது. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது, கைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஹால் முழுக்கக் கைகள் கீழே தொங்கின, கிழவர்கள் கை, பிள்ளைகள் கை எல்லாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடினான். நான் நின்னா ரயிலு நிக்கும்.

பழக்கதோஷம், என் இடது கை பக்கத்தில் துழாவியது. அங்கே இருந்தது! ஸ்டூல்மேல், துணி போட்டு மூடி, என்னுடைய அதே கேரியர். மேல்மூடியில் அன்று கீழே போட்டதில் விழுந்த அதே சொட்டை. பரணில் உருட்டியது இதைத்தான். முதல் வரிசை ஓரத்தில் ரோஸலின் ஒன்றும் தெரியாத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நான் கொக்கியைத் தட்டித் திறந்து, மூடியைத் தலைக்குமேல் தூக்கி எல்லோருக்கும் காட்டி, கீழே போட்டேன்.

ணங்!

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால், அடித்தேன், அடித்தேன், அழுதுகொண்டே அடித்தேன், அவ்வளவுதான் தெரியும். மரியசூசை வாக்கரை விட்டுவிட்டு ஆடினார், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஹாஜிரா ஓடி வந்தாள். என் கையிலிருந்த மூடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "மைக்கை நீட்டும்மா" என்றேன். "அந்த ணங், என் டிபன் கேரியர் மூடி. தம்புரா, மதியச் சங்கு. அந்த மௌனம், எனக்குப் பசி." அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வெண்கல மணிப் பிள்ளைதான் பாவம், மணியை மெதுவாகப் பைக்குள் வைத்துவிட்டான்.

"பேராசிரியர்கிட்ட என்ன சார் சொல்றது?" என்றாள்.

"பதினஞ்சாவது பக்கம் எழுதச் சொல்லும்மா" என்றான் டைம் ஆபீஸ்காரன்.

கூட்டம் கலைந்தபின் இரண்டு பேரும் மேடைப் படியில் உட்கார்ந்தோம். கேரியர் கனமாக இருந்தது. பிரித்தேன். மேல் அடுக்கில் தக்காளிச் சோறு. கீழ் அடுக்கில் அவித்த முட்டை. இரண்டு பேருக்கு வீட்டில் எப்போதும் இரண்டு முட்டைதான் அவிப்பாள். இதில் ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் ஒரு சாண் வெள்ளை நூல், வட்டமாகச் சுற்றி வைத்திருந்தது.

நூல் விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. ஆறாம் தேதி டைரியைப் படித்திருக்கிறாள். இதையும் படிப்பாள். படிக்கட்டும். நீ ரொம்ப நல்லவடி, ரோஸி.

அவன் மூக்கை உறிஞ்சினான். நூலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அவன் பிடித்தான். அவன் விரல்தான் மடங்காதே, முட்டை கோணலாக அறுபட்டது. ஒரு பாதி நன்றாகவே பெரிது.

நான் எதுவும் சொல்வதற்குள் கோதண்டம் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏன்டா?" என்றேன்.

வாய் நிறைய முட்டையோடு, "டைம் ஆபீஸ்" என்றான்.